மாப்பிள்ளை சார் போட்ட வட்டம்

வட்டம் போடுவதில் அவருக்கு இணையான ஒரு மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை. கரும்பலகையில் சாக்பீஸை வைத்தாரென்றால் ஒரே இழுப்பு. தொடங்கிய இடத்தில் கச்சிதமாக வந்து முட்டும். ஏதாவது பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகப் போயிருந்தால் ஊருக்கு உபகாரமாக இருந்திருக்கும். எங்கள் கெட்ட நேரம், அவர் பஸ் கம்பெனிக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து தினம் போய்வருவேன். பஸ் நிற்கிற ஷெட்டின் முன்பக்கம் இரண்டு அறை, அதுதான் ஆபீஸ். முதலாளி பழைய காலத்து ஆள். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வசவு. "ஏலே மூதி, நேத்து ஏம்லே வண்டி பிந்திச்சு?" என்று ஒரு டிரைவரைப் பிடித்தால் அரை மணி நேரம் விடமாட்டார். திட்டி முடித்ததும் அதே மூச்சில் "சாப்ட்டியாலே?" என்று கேட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார். அவரிடம் திட்டு வாங்கினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஷெட்டில் எல்லாருக்கும் அது தெரியும்.

அவருக்கு ஒரே பெண். அவளைக் கட்டியவர் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்தார். "வெளியூர்ல எதுக்குக் கை கட்டி நிக்கணும், நம்ம கம்பெனிய வந்து பாருங்க" என்று மாமனார் கூப்பிட, வந்துவிட்டார். அவர் பெயரை யாரும் சொல்லமாட்டோம். எல்லாருக்கும் மாப்பிள்ளை சார். வந்த முதல் வாரமே நாற்காலி, மேஜைக்குக்கூடக் காத்திருக்காமல் ஒரு கரும்பலகை வாங்கி மாட்டினார். பெங்களூரில் பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே கொடுத்த தடிமனான ஃபைல் எப்போதும் கக்கத்தில் இருக்கும்.

அவர் சொன்னது இதுதான். ஒரு காரியம் கெட்டுப்போனால் எவன் கெடுத்தான் என்று தேடக்கூடாது. எது எதைத் தள்ளியது, அது எதை இழுத்தது, சுற்றிச்சுற்றி எப்படி இங்கே வந்து விழுந்தது என்று பார்க்கவேண்டும். தப்பு செய்தவனைத் தண்டித்தால் அடுத்தவன் தன் தப்பை மறைப்பான். பேசவிட்டால் கம்பெனி முழுவதும் அதிலிருந்து பாடம் படிக்கும். "ஆளைப் பார்க்காதீங்க, அமைப்பைப் பாருங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் 'கற்றல் கூட்டம்' என்று ஒன்று நடத்துவார். ஓட்டத்தில் இல்லாத டிரைவர்கள், கண்டக்டர்கள், பிட்டர்கள் எல்லாரும் பழைய டயர்களின் மேல் உட்காரவேண்டும். சுண்டல் உண்டு. ஒவ்வொருவரும் எழுந்து அந்த வாரம் தான் செய்த ஒரு தவறைச் சொல்லவேண்டும். "மனம்விட்டுச் சொல்லுங்க. இங்க சொல்றது இந்த ஷெட்டைத் தாண்டாது" என்று நெஞ்சில் கையை வைத்துச் சொன்னார். ஒரு கண்டக்டர் வெள்ளந்தியாக நம்பி எழுந்தார். வண்டி பிந்தியதால் ஒரு ஸ்டாப்பில் கூட்டம் நின்றும் விசிலடித்து எடுக்கச் சொல்லிவிட்டேன் என்றார். மாப்பிள்ளை சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாரையும் கை தட்டச் சொன்னார். அடுத்த வாரம் அந்தக் கண்டக்டர் மணிமுத்தாறு லைனில் ஓடும் ஓட்டை வண்டிக்கு மாற்றப்பட்டார். ஆர்டரை டைப் அடிக்கும்போது நான் கேட்டேன், இது தண்டனைதானே சார் என்று. "சேச்சே, அமைப்புல ஒரு சின்னத் திருத்தம்மா" என்றார்.

எங்கள் வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். அதில் ஒரு சௌகரியம், யாரும் தன் பாவத்தைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தச் சௌகரியம் இல்லாததால் ஆட்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அந்த மணிமுத்தாறு மாற்றத்துக்குப் பிறகு வந்த பாவங்களைக் கேட்கவேண்டுமே!

"சார், நான் ஆரன் கொஞ்சம் கூட அடிக்கேன்."

"எனக்கு முன்கோபம் சாஸ்தி சார். வீட்டுலயும் சொல்லுதாவ."

"நேரங்காலம் பாக்காம வேலை பாக்குதேன் சார். ஒடம்பக் கவனிக்க மாட்டேங்கேன். அது தப்புதான்."

கடைசியாகச் சொன்ன பிட்டர் மத்தியானம் முழுவதும் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குகிறவர். மாப்பிள்ளை சார் இதையெல்லாம் உருகி உருகிக் கேட்டு, பலகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டு எழுதினார். "பார்த்தீங்களாம்மா, நம்ம கம்பெனி எப்படிக் கத்துக்குது!" என்றார் என்னிடம். கற்றுக்கொண்டதுதான். எதைச் சொன்னால் பிழைக்கலாம், எதைச் சொன்னால் மணிமுத்தாறு போகவேண்டும் என்று ஷெட் முழுவதும் மூன்றே கூட்டத்தில் மனப்பாடமாகிவிட்டது.

ஒருநாள் காப்பி ஆறிப்போனதற்கு வட்டம் போட்டார். காப்பிக் கடை தூரம், தூக்குவாளிக்கு மூடி சரியில்லை, டம்ளர் அகலம், ஷெட்டில் காற்று என்று ஏழெட்டு வட்டம், ஒன்றுக்கொன்று அம்புக்குறி. சுடச்சுட வந்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஒரு மணி நேரம் பேசினார் என்பதற்கு மட்டும் அதில் வட்டம் இல்லை. பிறகு கவனித்துப் பார்த்தேன். எந்தப் படத்திலும் அவர் இருக்கமாட்டார். மழை இருக்கும், ரயில்வே கேட் இருக்கும், டீசல் இருக்கும், டிரைவரின் பெண்டாட்டிகூட இருப்பாள். மாப்பிள்ளை சார் இருக்கமாட்டார்.

அவருடைய ஸ்கூட்டர் ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு ஷெட் அதிரக் கத்தினார். "எவம்லே என் வண்டியத் தொட்டது? இப்பம் சொல்லணும். யாருலே அது?" பெங்களூர்த் தமிழ் அந்த நிமிஷம் எங்கேயோ ஓடிப்போய்விட்டது. அமைப்பைப் பாருங்க சார் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. பெட்ரோல் தீர்ந்துபோயிருந்தது என்று பிறகு தெரிந்தது. அதற்கு வட்டம் கிடையாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சேரன்மகாதேவி லைனில் அவர் செய்தது அப்படியல்ல.

ஓர் ஊருக்குப் போய்த் திரும்புவதை பஸ்காரர்கள் ஒரு நடை என்பார்கள். டவுணுக்கும் சேரன்மகாதேவிக்கும் ஓடிக்கொண்டிருந்த எங்கள் வண்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு நடை கூடுதலாகப் போடலாம் என்று மாப்பிள்ளை சாருக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மாமனாரின் காரை எடுத்துக்கொண்டு சேரன்மகாதேவிவரை போய்வந்தார். "இவ்வளவு சீக்கிரம் போயிடலாமே, எதுக்கு வண்டிக்கு அவ்வளவு நேரம் கொடுத்திருக்கோம்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை காரில் போனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏறமாட்டார்கள். இலைக்கட்டும் ஏறாது. இது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆனால் கற்றல் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மணிமுத்தாறு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கிள்ளி, புது நடையை அவர் நுழைத்துவிட்டார். முதலாளிக்கும் ஏகப்பட்ட சந்தோஷம்.

இலைக்கட்டு என்பது வாழையிலைக் கட்டு. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து பெண்கள் அறுத்துக் கட்டி, டவுண் மார்க்கெட்டுக்கு எங்கள் வண்டியில்தான் கொண்டுவருவார்கள். கட்டு கிழியாமல் பைய ஏற்றவேண்டும். அது ஏறி முடிக்கும்வரை டிரைவர் கீழே இறங்கி ஒரு பீடி பிடிப்பது அந்த லைனில் வழக்கம். பீடி தீர்வதற்கும் கட்டு ஏறுவதற்கும் சரியாக இருக்கும். கூடுதல் நடை வந்த பிறகு பீடி நின்றுபோயிற்று. பேட்டை ரயில்வே கேட்டில் ஒரு தடவை மாட்டினால் போதும், அன்றைக்கு முழுவதும் வண்டி பிந்தும். பிந்தினால் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் கூடும். கூட்டம் ஏற ஏற இன்னும் பிந்தும். பிந்திய டிரைவர் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். அடிக்கடி பிந்தினால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவோம் என்று மாப்பிள்ளை சார் நோட்டீஸ் ஒட்டினார். அமைப்பைப் பார்க்கிறவர் ஒட்டிய நோட்டீஸ்!

அந்த வண்டியின் டிரைவர் சுடலைமுத்து. சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணாச்சி என்பேன். ஓட்டத் தொடங்கிய நாள் முதல் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று அவருக்கு ஒரு பெருமை. விளக்கம் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, இனிமேல் பிந்தினால் இறக்கம்தான் என்ற நிலையில் இருந்தார். அப்போதுதான் சுத்தமல்லி விலக்கு ஸ்டாப்பில் அது நடந்தது. இசக்கியம்மாள் என்ற இலைக்காரப் பெண் இலைக்கட்டை உள்ளே தள்ளிவிட்டு ஒரு காலைப் படியில் வைத்தாள். விசில் வருவதற்குள் சுடலைமுத்து வண்டியை எடுத்துவிட்டார். அவள் ரோட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இலைக்கட்டு தூக்கும் பிழைப்பு அவளுக்கு அதோடு முடிந்தது.

முதலாளி ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தார். மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை சார் சுடலைமுத்துவைக் கூப்பிட்டுப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார். குறிப்பெடுக்க என்னையும் அழைத்தார். விபத்தில் மாட்டி வேலை போன டிரைவரை எங்கள் பக்கத்தில் எந்த முதலாளியும் சேர்க்கமாட்டார். அந்தப் பயத்தில் சுடலைமுத்துவின் முகம் வெளிறியிருந்தது.

"நீங்க எதுக்கு வண்டியை எடுத்தீங்க?"

"பிந்திட்டு சார்."

"எதுக்குப் பிந்துச்சு?"

"போகையிலேயே கேட்ட அடைச்சுப்போட்டாவ. பொறவு பேட்டையில கூட்டம்."

"கேட்டை முன்னாடியும்தான் அடைச்சாங்க. அப்ப ஏன் இப்படிப் பிந்தலை?"

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க."

"அப்பம் இந்தப் புது நடை கெடையாதுல்லா சார்."

மணிமுத்தாறு ஆர்டர்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை சாரின் முகம் மலர்ந்துவிட்டது. பலகையின் உச்சியில் பெரிய வட்டம் போட்டு 'கூடுதல் நடை' என்று எழுதினார். அங்கிருந்து நேரம் போதாமைக்கு ஓர் அம்பு. அதிலிருந்து கூட்டத்துக்கு, கூட்டத்திலிருந்து தாமதத்துக்கு, தாமதத்திலிருந்து நோட்டீஸுக்கு, நோட்டீஸிலிருந்து அவசரத்துக்கு, அவசரத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு. ஒன்றுகூடத் தப்பில்லை. அந்த நடையைப் போட்டது தான்தான் என்பதே அவருக்கு அப்போது மறந்துபோயிருந்தது. கணக்குக்கு விடை வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றார்.

"பார்த்தீங்களா! அந்த சீட்டுல யாரு உட்கார்ந்திருந்தாலும் அந்தம்மா விழுந்திருப்பாங்க. உங்க மேல தப்பே இல்லை."

சுடலைமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "இத மொதலாளிகிட்ட சொல்லுவியளா சார்?"

"நானே சொல்றேன்."

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த ஒரு மத்தியானம் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் கேலி செய்த வட்டங்கள் கடைசியில் ஒரு மனிதனைக் காப்பாற்றப்போகின்றன என்று நம்பினேன். வெளியே வந்த சுடலைமுத்து ஷெட் வாசலில் என்னை நிறுத்தினார். "தங்கச்சி, எம்மேல தப்பு இல்லன்னு அவிய சொன்னது நெசந்தானே? நீயும் கேட்டேல்லா?" என்றார். கேட்டேன் அண்ணாச்சி, பலகையிலேயே எழுதிவிட்டார், பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். பலகையைப் பார்த்ததும், "என்ன மாப்ள, கோலம் போட்டு வச்சிருக்கிய?" என்றார். மாப்பிள்ளை சார் உற்சாகமாகக் கீழேயிருந்து தொடங்கினார். பெண் விழுந்தது, அவசரம், நோட்டீஸ், தாமதம், கூட்டம். முதலாளியின் விரல் அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறியது. உச்சி வட்டத்தில் வந்து நின்றது.

"இந்த நடையப் போட்டது யாரு மாப்ள?"

விடை தெரிந்தேதான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. ஆனால் அறையில் நான் இருந்தேன், சுடலைமுத்து இருந்தார், வாசலில் இரண்டு கண்டக்டர்கள் நின்றார்கள். மாப்பிள்ளை சார் எங்களை ஒரு தடவை பார்த்தார். டஸ்டர் மேஜையில் இருந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. உள்ளங்கையாலேயே அந்த வட்டத்தை அழித்தார்.

"அது சும்மா ஒரு யோசனையா எழுதிப் பார்த்தேன் மாமா."

கிளம்பிய இடமில்லாத அம்பு ஒன்று அந்தரத்தில் நின்றது. அவர் விடுவாரா? சாக்பீஸை எடுத்து அதே இடத்தில், அதே அளவில், இன்னொரு வட்டம் போட்டு 'டிரைவர்' என்று எழுதினார். அதுவும் தொடங்கிய இடத்தில் கச்சிதமாக வந்து முட்டியது.

"நேத்து இங்கன வேற ஒண்ணு எழுதியிருந்தியளே சார்," என்றார் சுடலைமுத்து.

"'கூடுதல் நடை'ன்னு எழுதியிருந்தீங்க சார். நானும் பாத்தேன்," என்றேன் நான்.

"டிராஃப்ட்டும்மா அது. அதையெல்லாம் டைப் அடிக்க வேண்டாம்."

முதலாளி முட்டாள் அல்ல. எல்லாம் புரிந்துதான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்தில் மாமனார் மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது பெண்ணின் தலையில் போய் விடியும். ஊரையே ஏசுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை சார் சுடலைமுத்துவிடம் மிக மரியாதையாகப் பேசினார். "உங்க மேல எனக்குக் கோபமே கிடையாது. இதைத் தனிப்பட்ட முறையில எடுத்துக்காதீங்க. அமைப்புல பலவீனமான ஒரு கண்ணியை எடுத்தாகணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் கை கொடுத்தார். சாக்பீஸ் தூள் அப்பிய அதே கை. சுடலைமுத்து அதைப் பிடித்தார். பிறகு முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு மூதி, ஒரு சவம், ஏதாவது ஒன்று வராதா என்று. முதலாளி அவரைத் திட்டவே இல்லை.

அடுத்த வாரம் கூடுதல் நடையைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை சார்தான் நிறுத்தினார். பழைய நேரம் திரும்பி வந்தது, புது டிரைவர் வந்தார், வண்டி பிந்தாமல் ஓடியது. சனிக்கிழமைக் கூட்டத்தில் பலகைக்குப் பக்கத்தில் அந்தப் புது டிரைவரை நிறுத்தி, "ஒரு கண்ணியை மாத்தினோம், மொத்த அமைப்பும் சரியாயிடுச்சு. இதுதான் கற்றல்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சில மாதங்களில் பாளையங்கோட்டையிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இடம் கிடைத்தது, போய்விட்டேன். அவர் பிறகு திருநெல்வேலி ஜங்ஷன் ஓட்டல்களில் வியாபாரிகளுக்கு வகுப்பெடுக்கிற ஆளாகிவிட்டதாகக் கேள்வி. சேரன்மகாதேவி வண்டியைத்தான் உதாரணம் சொல்வாராம். முட்டாள் என்றால் மன்னித்துவிடலாம். காரணம் இன்னது என்று கண்டுபிடித்து, தன் கையால் எழுதி, தன் கையால் அழித்த ஆளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு தடவை சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வண்டி ஏறினேன். அதே கம்பெனி வண்டி. சன்னலோர சீட்டில் சுடலைமுத்து இருந்தார். யாரோ ஒருவருடைய டிராக்டரை ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். காக்கி இல்லாமல் அவரை அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை சாரைப் பற்றி நான் நாலு வார்த்தை கடுமையாகச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே ஒரு பெண் இலைக்கட்டை ஏற்றிக்கொண்டிருந்தாள். புது டிரைவர் இறங்கி ரோட்டோரம் நின்று நிதானமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நேரம் நிக்குன்னு பாத்தியா தங்கச்சி. எனக்கும் இந்த நேரத்தக் குடுத்திருந்தா, நானும் அங்கன எறங்கி ஒரு பீடி பத்த வச்சிருப்பேம்லா."